ஊசிப் படிகங்கள்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. மூன்று வருடச் சண்டையைத் தொடரவோ முடிக்கவோ இதை எழுதவில்லை. முதலில் ஒரு வேலை செய். உன் வாயாடிப் பெண்டாட்டி தினமும் விழுங்குகிற வலிப்பு மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்னால் அச்சடித்திருக்கும் பேட்ச் எண்ணைப் பார். ஒன்றில் தொடங்கினால் அது எங்கள் ஆலையில் செய்தது. அதை அவளுக்குக் கொடுக்காதே. இரண்டில் தொடங்கினால் நீ வேலை பார்க்கிற ஆலையுடையது, பயமில்லை.

பார்த்துவிட்டாயா? இனி மீதியைப் படி.

டிசம்பர் கடைசியிலிருந்து எங்கள் மாத்திரைகள் கரைய மறுக்கின்றன. வெதுவெதுப்பான நீரில் போட்டுச் சுழற்றினால் அரை மணி நேரத்தில் எண்பது சதவீதமாவது கரைய வேண்டும். பன்னிரண்டுதான் கரைகிறது. ஆறு பேட்சை நிறுத்தி வைத்திருக்கிறேன். அவற்றுக்கு முந்தைய இரண்டு பேட்ச் கடைகளுக்குப் போய்விட்டன. ஆய்வகத்தில் எடுத்துவைத்திருந்த மாதிரியைச் சோதித்தேன், அவையும் கல்லாகக் கிடக்கின்றன.

மருந்து கெட்டுப்போகவில்லை. நாலு விதமாகச் சோதித்துவிட்டேன். ஒரு மூலக்கூறுக்குள் எந்த அணு எதோடு கைகோக்க வேண்டுமோ அதனதனோடு கோத்திருக்கிறது. அந்தப் பிணைப்பில் ஒரு குறையும் இல்லை. கோளாறு ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் நடுவில். அங்கே இருக்கும் ஈர்ப்பு ரொம்பப் பலவீனமானது. ஒன்றின் ஹைட்ரஜன் அடுத்ததன் ஆக்சிஜனைத் தொட்டுக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். ஆனால் கோடிக்கணக்கில் அணிவகுத்து நிற்கும்போது, அந்தத் தொடுதல்தான் படிகத்துக்கு உருவம் கொடுக்கிறது. பதினொரு வருடமாக நம் மருந்து தகடு தகடாகப் படிந்தது. தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து பிரித்துவிடும். இப்போது ஊசி ஊசியாகப் படிகிறது. அதே மூலக்கூறுகள், வேறு மாதிரி நின்று, வேறு இடத்தில் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. பிடி இறுகிவிட்டது. தண்ணீர் நுழைய இடமில்லை. மாத்திரை வயிற்றுக்குள் போகிறது, போன மாதிரியே வெளியே வருகிறது.

ஏன் இப்படி ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. உங்கள் தொட்டியில் படிவதைக் கொஞ்சம் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல். ஆலைக்குப் போன் போட்டால் ஆபரேட்டர் ஒட்டுக் கேட்பார். விஷயம் வெளியே போகக் கூடாது என்று இங்கே மேலாளர் சொல்லியிருக்கிறார். இதைக்கூட ஆய்வக மேஜையில், தராசுக்குப் பக்கத்தில், ஒளித்து ஒளித்துத்தான் எழுதுகிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

அட்டையில் இருப்பது இரண்டில் தொடங்கும் எண். சொன்னதற்கு நன்றி. அது மட்டும்தான் நன்றி.

உன் கடிதம் ஒன்பதாம் தேதி ஷிப்ட் நடுவில் வந்தது. தொட்டியின் மேல்தளத்தில் நின்றபடியே படித்தேன். பாதியில் கலக்கியின் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது, கடிதத்தைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு ஓடினேன். மூன்று வருடம் ஒரு வரி எழுதாதவள் இப்போது என்னிடம் மாதிரி கேட்கிறாளே என்று சிரிப்பு வந்தது. என் மாதிரியை நீ சோதித்த லட்சணம் எனக்குத் தெரியாதா?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஈரம் என்று நீ ஃபெயில் போட்டாயே, அந்த நாற்பது கிலோவில் ஈரம் இல்லை. இன்றைக்கும் சொல்வேன். "இன்னொரு தடவை எடுத்துப் பாரு அக்கா, ஒரே ஒரு தடவை" என்று உன் அறை வாசலில் நின்று கெஞ்சினேன். நீ தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஆலை முழுக்கச் சிரித்தது, அக்காவே தம்பியை ஃபெயில் பண்ணிட்டாங்க என்று. அப்புறம் தொள்ளாயிரம் கிலோமீட்டர் தள்ளி இங்கே தூக்கிப் போட்டார்கள்.

போகட்டும். கேட்டாய் என்பதற்காகப் பார்த்தேன். நேற்று உலர்த்தியிலிருந்து வந்தது தகடுதான், கண்ணாடிச் சில்லு மாதிரி பளபளவென்று. எங்களுக்கு ஒன்றும் இல்லை. உங்கள் ஆலையில் குழாயைச் சரியாகக் கழுவச் சொல்.

யாரிடமிருந்து கடிதம் என்று வாயாடி சட்டைப் பையில் கைவிட்டு எடுத்துப் படித்துவிட்டாள். "அண்ணி பயப்படறாங்க. அவங்க சும்மா பயப்படற ஆளில்லையே" என்றாள். பேருந்து நிலையத்தில் நாள் முழுக்க மைக்கில் வண்டி அறிவிக்கிற வேலை. வீட்டிலும் அந்த அறிவிப்பு நிற்பதில்லை. உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

தம்பி

*

பிப்ரவரி 17

தம்பிக்கு,

உறையின் மேல் சிவப்பு மையில் எழுதியதைப் பார்த்திருப்பாய்: இதை ஆலைக்குள் பிரிக்காதே. வீட்டிலும் வாசலில் வைத்துப் பிரி.

குழாயைக் கழுவினோம். தொட்டியை மாற்றினோம். வடிகட்டித் துணி, கலக்கி, ஆட்களின் சீருடை எல்லாவற்றையும் மாற்றினோம். மறுபடியும் ஊசி. போன வாரம் இதே மருந்தைச் செய்கிற வேறொரு நிறுவனத்திலிருந்து படிக நிபுணர் ஒருவரை வரவழைத்தார்கள். இரண்டு நாள் என் ஆய்வகத்தில் உட்கார்ந்தார். "இது கரைசலோட தப்பு இல்லம்மா" என்றார். "எங்கயோ ஒரு துணுக்கு ஊசி தற்செயலா உண்டாயிருக்கு. இனி அது எங்க விழுந்தாலும், அங்க இருக்கற மூலக்கூறெல்லாம் அதைப் பாத்து அதே மாதிரி நிக்கும். அப்படி நிக்கறதுதான் அதுக்குச் சுலபம்." கண்ணுக்குத் தெரியாத துணுக்கு போதுமாம், காற்றில் மிதக்கிற தூசு அளவு. கிருமி மாதிரி உயிருள்ளது இல்லை. கொதிக்க வைத்துக் கொல்ல முடியாது. உயிர் இருந்தால்தானே கொல்ல.

நேற்று அவர் போன் செய்தார். ஊர் திரும்பிய நாலாவது நாளில் அவர்களுடைய ஆய்வகத்திலும் ஊசிதான் படிகிறதாம். எட்டு வருடமாகத் தகடு செய்த இடம். அவருடைய கோட்டிலோ பையிலோ போயிருக்கிறது. "உங்க ரூமுக்கு நான் வந்திருக்கவே கூடாது" என்றார்.

அரை மணி நேரம் கழித்து உன் கடிதம் வந்தது. தொட்டி விளிம்பில் வைத்தேன் என்ற வரியைப் படித்ததும் தராசு மேஜையைத் திரும்பிப் பார்த்தேன்.

அந்தக் கடிதத்தை நான் தராசுக்குப் பக்கத்தில் வைத்து எழுதினேன். அந்த மேஜையில் ஊசித் தூள் இல்லாத இடமே கிடையாது. அதை உடனே எரித்துவிடு. அன்று போட்டிருந்த சட்டையையும். ஒன்பதாம் தேதிக்குப் பிறகு அந்தத் தொட்டியில் படிந்ததை எடுத்துப் பார். மைக்ரோஸ்கோப்பில் தகடாக இருக்க வேண்டும் என்று நான் இப்போது வேண்டிக்கொண்டிருக்கிறேன், வேறெதற்கும் வேண்டாதவள்.

இன்னொன்று. தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வரும். சோதனை நீரில் கொஞ்சம் சோப்புத் திரவம் சேர்த்துக்கொள்ளலாம் என்று. அப்படிச் சேர்த்தால் ஊசியும் கரையும், காகிதத்தில் பாஸ் ஆகும். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மேலாளர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

இதை வீட்டில் குளித்துவிட்டு, கடையில் வாங்கிய புதுத் தாளில் எழுதுகிறேன். அப்படியும் நம்பாதே.

அக்கா

*

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

ஊசி.

பன்னிரண்டாம் தேதித் தொட்டி வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னாலேயே கலங்கிவிட்டது. கலக்கியின் சத்தமே வேறாக இருந்தது, மணலைக் கிண்டுவது போல. நல்ல விளைச்சல் என்று ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள். நானும்தான். உன் சிவப்பு மைக் கடிதம் வந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். வைக்கோல் போர் மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாக.

கடிதத்தை எரித்தேன். சட்டையை எரித்தேன். வாயாடி ஏன் என்று கேட்டாள். திராவகம் கொட்டிவிட்டது என்றேன்.

நீ எழுதியிருக்க வேண்டாம். உன் பயத்தை நீயே வைத்துக்கொண்டிருந்தால் இங்கே தகடு படிந்துகொண்டிருக்கும். ஒரு தடவை என்னை இங்கே தள்ளினாய். போதாது என்று தபாலிலும் வந்தாய்.

அந்தத் தொட்டி இப்போது மாத்திரையாகிவிட்டது. இருபது நாலு ஏழு என்று எண். சுற்றறிக்கையும் வந்தது. சோப்பு சேர்த்த நீரில் தொண்ணூற்றொன்று சதவீதம் கரைந்தது. இன்று காலை, சரக்கை வெளியே அனுப்பக் கையெழுத்துக் கேட்டுத் தாள் என் மேஜைக்கு வந்தது. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். எப்படி வந்தது என்று கேட்பார்கள். என் அக்கா எழுதினாள், அதைத் தொட்டி விளிம்பில் வைத்தேன் என்று சொல்ல வேண்டும். உனக்கும் வேலை போகும், எனக்கும் போகும்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வாயாடிக்குப் பழைய பேட்சில் பத்து அட்டை தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதற்குள் யாராவது ஏதாவது வழி கண்டுபிடிப்பார்கள். இனி எழுதாதே.

தம்பி

*

மார்ச் 1

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

அந்த நாற்பது கிலோவில் ஈரம் இல்லை. நீ சொன்னது சரி. நீ கொண்டுவந்து கொடுத்த மாதிரிப் புட்டியை நான் சரியாக மூடவில்லை. மதியம் முழுக்க என் மேஜையில் திறந்து கிடந்தது. வெளியே மழை. மாலையில் சோதித்தேன். காற்றின் ஈரத்தைத்தான் அளந்திருக்கிறேன். இரண்டு நாள் கழித்து, மூடி அரைகுறையாகத் திருகியபடியே இருந்ததைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. அதற்குள் சரக்கை அழித்துவிட்டார்கள், உன் மாற்றல் ஆணையும் வந்துவிட்டது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வருடம் போய்விட்டது.

என்னைத் திட்டு, தகும். ஆனால் நான் செய்ததையே நீ செய்யாதே. இருபது நாலு ஏழைத் திரும்ப வாங்கு. லாரி ஏறியிருந்தாலும் வாங்கு. உன் வீட்டில் பத்து அட்டை இருக்கிறது. மற்ற வீடுகளில் யார் எடுத்து வைத்திருப்பார்கள்?

ஊசி எப்படி அங்கே வந்தது என்று நீ சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊர் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நானே எழுதிவிட்டேன். என் கடிதத்தில்தான் போயிற்று என்று எழுதி, அதில் என் பெயரைப் போட்டேன். உன் பெயர் அதில் இல்லை. சோப்புத் தண்ணீர் பற்றியும், கடைகளுக்குப் போன எங்கள் இரண்டு பேட்ச் பற்றியும் எழுதினேன். அவர்கள் படித்து, கோப்புப் போட்டு, ஆள் அனுப்புவதற்குள் எத்தனை நாளாகுமோ. அதற்கு முன்னால் உன்னால் நிறுத்த முடியும்.

அக்கா

*

மார்ச் 12

அக்காவுக்கு,

உன் கடிதம் ஆறாம் தேதி வந்தது. புட்டி மூடிப் பகுதியை மூன்று தடவை படித்தேன். கோபத்தில் மற்றதைப் படிக்கவே இல்லை. அலமாரியில் போட்டுப் பூட்டினேன். அன்றைக்கே முழுதாகப் படித்திருந்தால் என்று இப்போது நினைத்து என்ன ஆகப்போகிறது.

நான் தனியாக வைத்த பத்து அட்டை என் பெட்டியில் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள், கேட்க ஆரம்பித்தால் விடமாட்டாள். கையிலிருந்த அட்டை தீரும்போது எடுத்துக் கொடுக்கலாம் என்று இருந்தேன். தீர்ந்தது எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் தொடர்ந்து இரட்டை ஷிப்ட். அவள் வழக்கம்போல ஆலையின் மருந்தகத்துக்குப் போய் வாங்கிக்கொண்டாள். ஊழியர் குடும்பத்துக்குத்தான் புதுச் சரக்கு முதலில் வரும்.

எட்டாம் தேதி மதியம் பேருந்து நிலையத்திலிருந்து ஒரு கண்டக்டர் ஆலை வாசலுக்கு ஓடி வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏழாம் நடைமேடைன்னு சொல்லிட்டிருந்தாங்க சார். அப்படியே நின்னு போச்சு. அப்புறம் ஒரு சத்தம். மைக் ஆன்லயே இருந்திச்சு. ஸ்டாண்டு முழுக்கக் கேட்டுச்சு சார், என்னன்னு யாருக்கும் புரியல. நாங்க கதவை உடைக்கற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்திச்சு."

இரண்டு வருடமாக வராத வலிப்பு. மேஜை விளிம்பில் முகம் மோதியிருக்கிறது. நாக்கைக் கடித்துவிட்டாள். ஒன்பது தையல். ஆறு வாரம் பேசக் கூடாது என்கிறார் டாக்டர். கட்டிலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறாள். வீடு இவ்வளவு பெரியது என்று எனக்கு இதுவரை தெரியாது.

அவள் கைப்பையில் அட்டை இருந்தது. திருப்பிப் பார்த்தேன். இருபது நாலு ஏழு.

நேராக மேலாளரிடம் போனேன். அட்டையை மேஜையில் வைத்தேன்.

"சோதனையில பாஸ் ஆனதுதானே இது?" என்றார்.

"சோப்புத் தண்ணியில பாஸ் ஆச்சு சார். மனுஷன் வயித்துல சோப்பு இல்ல."

"கையெழுத்து உன்னுது. ஞாபகம் வச்சுக்க. ஊசி எப்படி வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"என் சட்டைப் பையில வந்துச்சுன்னு சொல்லுவேன்."

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். நான் திறந்தே வைத்துவிட்டு வந்தேன். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன், தொட்டி விளிம்பு உட்பட. உன் கடிதம் அங்கே ஒரு மேஜையில் பிரிக்கப்படாமல் கிடந்தது. என் கண் முன்னால்தான் பிரித்தார்கள். மறுநாள் ஆலைக்குச் சீல் வைத்தார்கள். ஆனால் லாரிகள் போய்விட்டன. ஒன்பதாயிரத்து நானூறு அட்டை.

தம்பி

*

மார்ச் 18

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, பேருந்து நிலைய ஒலிபெருக்கி கேட்கும் தெருவில் நடக்கவே பயமாக இருக்கிறது. அவளிடம் நான் என்ன சொல்ல? ஒன்றும் சொல்லாதே.

என்னை நீக்கிவிட்டார்கள். எங்கள் ஆலைக்கும் சீல். வேறு இரண்டு ஊர்களில் செய்து பார்த்தார்களாம், அங்கேயும் ஊசி. தகடு எப்படி இருக்கும் என்று காட்ட இனி பழைய புகைப்படம்தான் இருக்கிறது.

மருந்தைக் கரைத்து சிரப்பாகக் கொடுக்க ஏற்பாடு நடக்கிறது. திரவத்தில் ஒவ்வொரு மூலக்கூறையும் கரைப்பான் சூழ்ந்துகொள்ளும், அவை ஒன்றையொன்று தேடிப் பிடிக்க முடியாது. வாயில் வைக்க முடியாத கசப்பு. அவளுடைய தையல் ஆறும்வரை டாக்டரைக் கேட்டுக் கொடு. பாட்டிலை ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதே. குளிர்ந்தால் அடியில் ஊசி இறங்கும். தினமும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

நான் வரட்டுமா? துணியெல்லாம் எரித்துவிட்டேன். அங்கே இனி கெடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்ற தைரியத்தில் கேட்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

வா. அவள்தான் எழுதச் சொன்னாள். இப்போது நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டுகிறாள், அதிலும் பக்கம் பக்கமாக. உன் பெயருக்கு நேரே என்ன எழுதினாள் என்று நீ வந்து பார்த்துக்கொள். நான் சொல்லமாட்டேன். என் கோபம் முழுதாகப் போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன்.

எனக்கும் வேலை இல்லை. விசாரணை நடக்கிறது. அதுவரை அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வாங்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறேன். ஒன்பதாயிரத்து நானூறில் எட்டாயிரத்துச் சொச்சம் திரும்பி வந்துவிட்டது. மீதி வீடுகளுக்குப் போய்விட்டது. எந்த வீடு என்று கடைக்காரர்களுக்கு நினைவில்லை.

நேற்று ஒரு மருந்துக் கடையில் நின்று எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர், பள்ளி வேன் ஓட்டுகிறவர், நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார்.

"இந்த நம்பரா பாருங்க."

பார்த்தேன். அதேதான்.

"இதுல என்ன கோளாறு?" என்று கேட்டார். சொன்னேன். மருந்து சரிதான், ஆனால் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, வயிற்றில் கரையாது என்று உன்னைப் போல விளக்கத் தெரியாமல், எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்.

"இது சரியில்லன்னு கம்பெனிக்கு எப்பத் தெரியும்?"

"பிப்ரவரி இருபத்திநாலாம் தேதியே தெரியும்."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு" என்றேன். "நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். யாருக்கு வாங்கினது என்று கேட்டேன். தங்கச்சிக்கு என்றார். சிரப் வந்துவிட்டது, இலவசமாகத் தருகிறார்கள், நான் வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வருகிறேன் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

"வேணாம் சார்" என்றார். "அவளுக்கு இனிமே தேவைப்படாது."

அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு இறங்கிப் போய் வேனில் ஏறினார். பத்தில் நாலு மாத்திரை பாக்கி இருந்தது. கடைக்காரர் பட்டியலை என் முன்னால் வைத்து, "ஒண்ணு கழிச்சுக்கங்க" என்றார். இன்னும் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

நாளைக் காலையில் தெற்குத் தெருக்களில் ஆரம்பிக்கிறேன். நீ சீக்கிரம் வா. ஒரு ஆளால் முடிகிற வேலை இல்லை.

தம்பி